கோடையில் தனியாக ஒரு நெடுஞ்சைக்கிள் பயணம்: எந்தப் பாதை, எந்தத் திசை?

நாட்டைச் சைக்கிளில் கடக்க நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலான மாதங்களே உகந்தவை என்பதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. ஆனால் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும், அவர்களுடைய நாட்காட்டியை ஒட்டியே விடுப்பு எடுக்க முடிகிற மற்றவர்களுக்கும், சேர்ந்தாற்போல் ஆறு ஏழு வாரம் கிடைப்பது ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் தொடக்கம் வரைதான். அந்த இடைவெளியில், துணையின்றித் தனியாகப் புறப்படுபவருக்கு எந்தப் பாதை பொருந்தும் என்பதையே இங்கே ஒப்பிட்டுப் பார்க்கிறேன். கோடையில் போகவே கூடாது என்று சொல்லி முடித்துவிடுவது எளிது. போவதென்று முடிவு செய்தவருக்கு அந்தப் பதிலால் பயன் ஒன்றுமில்லை.

பாதைகளை எடைபோடும் முன் அளவுகோலைச் சொல்லிவிட வேண்டும். கடும் வெயிலில் உடல் வெப்பம் கட்டுமீறும்போது (இதுவே வெப்பவாதம்) தலைவலி, குமட்டல் ஆகியவற்றோடு மனக்குழப்பமும் சேர்ந்துகொள்கிறது. தான் குழம்பியிருப்பதைக் குழம்பியவர் தாமே உணர்வது அரிது. நாலு பேராகச் செல்லும்போது ஒருவர் தள்ளாடுவதைப் பின்னால் வருபவர் கண்டு நிறுத்திவிடுவார். தனியாகச் செல்பவருக்கு அந்தப் பின்னால் வருபவர் இல்லை. ஆகவே தூரம், புகழ், அழகு ஆகியவற்றுக்கெல்லாம் முன்பாக, ஒவ்வொரு பத்துக் கிலோமீட்டரிலும் நிழலும் தண்ணீரும் நம்மைப் பார்த்து ‘உட்காருங்கள்’ என்று சொல்லக்கூடிய ஒரு மனிதரும் கிடைப்பார்களா என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும் என்று கருதுகிறேன்.

பெரும்பாலோர் மனத்தில் முதலில் தோன்றுவது கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர் வரையிலான பயணம். தேசிய நெடுஞ்சாலை 44 ஸ்ரீநகரையும் கன்னியாகுமரியையும் நேராக இணைக்கிறது. ஏறக்குறைய 3,745 கிலோமீட்டர், நாட்டின் மிக நீளமான நெடுஞ்சாலை. மதுரை, சேலம், பெங்களூரு, கர்னூல், ஹைதராபாத், நாக்பூர், ஜான்சி, ஆக்ரா, டெல்லி, லூதியானா, ஜம்மு என்று வழி கேட்கத் தேவையில்லாத பாதை. நாளொன்றுக்குச் சராசரியாக 85 கிலோமீட்டர் ஓட்டினால் ஆறு வாரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். விடுமுறைக்குள் அடங்கிவிடுகிறது என்பதாலேயே பலர் தெற்கிலிருந்து வடக்காக இதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கடைசியில் மலையும் குளிரும் காத்திருக்கின்றன என்ற எண்ணமும் ஒரு தூண்டுகோல்.

ஆனால் நாட்காட்டியை இந்தச் சாலையின் மேல் விரித்துப் பார்த்தால் கணக்கு வேறாகத் தெரியும். சூரியன் நண்பகலில் நேர் உச்சியில் நிற்கும் நாள் கன்னியாகுமரிக்கு ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும், ஹைதராபாத்துக்கு மே 10ஐ ஒட்டியும், நாக்பூருக்கு மே கடைசி வாரத்திலும் வருகிறது. ஏப்ரல் நடுவில் தெற்கு முனையிலிருந்து புறப்படுபவர், வடக்கு நோக்கி நகரும் வெயிலுடன் தாமும் நகர்கிறார். முதல் பத்து நாளுக்குள் பெங்களூரு மேட்டுநிலத்தின் ஓரளவு இதமான காற்றைக் கடந்துவிடுவார். அனந்தபூரில் தொடங்கும் நாற்பது டிகிரி வெயில் ஜம்மு வரை அவரை விடாது. மே இரண்டாம் வாரத்தில் நாக்பூர், மூன்றாம் வாரத்தில் ஜான்சியும் குவாலியரும், அதையடுத்து டெல்லி என்று ஒவ்வோர் ஊரையும் அதன் உச்ச வெயிலில் சந்திக்க நேரும். தொடர்ச்சியாக ஐந்து வாரம் அந்த வெப்பத்தில் மிதிப்பது, பயிற்சி பெற்றவருக்கும் பயணமாக இராது.

காற்றும் உதவாது. மே மாதத்தில் வடமேற்குச் சமவெளியிலிருந்து வீசும் ‘லூ’ எனப்படும் அனல்காற்று, நாக்பூரைத் தாண்டி டெல்லியை நோக்கிச் செல்பவரின் முகத்திலோ இடது கன்னத்திலோதான் பெரும்பாலும் அடிக்கும். தோலின் வெப்பநிலையைவிடக் காற்றின் வெப்பநிலை கூடிவிட்டால், சைக்கிள் ஓட்டும்போது உண்டாகும் காற்றோட்டம் உடலைக் குளிர்விப்பதோடு சூடேற்றவும் செய்கிறது. எதிர்க்காற்றில் வேகமும் குறைவதால், காலை பத்து மணிக்குள் எட்டியிருக்க வேண்டிய ஊர் பகல் ஒரு மணிக்குத்தான் வரும். தனிப்பயணிக்கு மிகத் தீங்கானது இப்படி நீளும் அந்த மூன்று மணி நேரம்தான்.

இதே சாலையைத் தலைகீழாக்கி, ஏப்ரல் நடுவில் ஸ்ரீநகரிலிருந்து தெற்கு நோக்கி வந்தால் நிலைமை கணிசமாக மாறுகிறது. அப்போது பள்ளத்தாக்கில் பகல் வெப்பநிலை இருபதை ஒட்டியே இருக்கும். ஏப்ரல் முடிவதற்குள் பஞ்சாபையும் டெல்லியையும் அவற்றின் கொடும் வெயில் தொடங்குமுன் கடந்துவிடலாம். பஞ்சாப், ஹரியாணா வழியில் குருத்வாராக்களில் உணவும் படுக்க இடமும் கிடைப்பது தனியாக வருபவருக்குப் பெரிய ஆறுதல். வடகாற்று முதுகில் படும். குவாலியரிலிருந்து கர்னூல் வரை மூன்று வாரம் கடுமையானவை என்பதை மறைக்க முடியாது. சியோனிக்கும் நாக்பூருக்கும் நடுவே பெஞ்ச் வனப்பகுதி, அதன் பிறகு அடிலாபாத் சுற்றுவட்டாரம் ஆகிய இடங்களில் கடைகள் அடிக்கடி வாரா. ஆயினும் ஐந்து வாரம் மூன்றாகச் சுருங்குகிறது. மே கடைசியில் பெங்களூருவை எட்டும்போது கோடைமழை தொடங்கியிருக்கும். ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு இறங்கும்போது தமிழ்நாட்டில் கத்திரி முடிந்திருக்கும்.

இந்தத் திசைக்கு இரண்டு தடைகள் உண்டு. முதலாவது, ஸ்ரீநகரிலிருந்து ஜம்மு வரையிலான மலைச்சாலை. ராம்பன் பகுதியில் மழைக்கு மண் சரிவது வழக்கம். 2025 ஏப்ரல் 20 அன்று அங்கே ஏற்பட்ட வெள்ளத்திலும் நிலச்சரிவிலும் நெடுஞ்சாலை முடங்கியது, இரண்டு நாளில் பஹல்காம் தாக்குதலும் நிகழ்ந்தது. அத்தகைய நிலையில் பயணத் திட்டம் முழுவதும் ஒரே நாளில் கலைந்துபோகும். சேனானிக்கும் நாஷ்ரிக்கும் இடையிலான சுரங்கம் ஒன்பது கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ளது; புகையும் இரைச்சலும் அடைந்த அதன் உள்ளே செல்வதைக் காட்டிலும், பட்னிடாப் வழியே ஏறி இறங்கும் பழைய சாலையில் ஒரு நாளைக் கூடுதலாகச் செலவிடுவது மேல். இரண்டாவது தடை, சைக்கிளை அங்கே கொண்டு சேர்ப்பது. கன்னியாகுமரியிலிருந்து கத்ரா வரை செல்லும் ஹிம்சாகர் விரைவு வண்டி வாரத்துக்கு ஒருமுறைதான் ஓடுகிறது. சைக்கிளைப் பார்சலாகப் பதிவு செய்து, அது வந்துசேர்ந்ததை உறுதிப்படுத்திக்கொண்டு, பிறகு பள்ளத்தாக்குக்குப் பேருந்தில் ஏற்ற வேண்டும். இதற்கே ஒரு வாரம் ஒதுக்க வேண்டியிருக்கும்.

வெயிலுக்குப் பழகிய உடல் என்ற செய்தியையும் இங்கே கணக்கில் எடுக்க வேண்டும். வெப்பத்துக்கு உடல் பழக ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகிறது. அதிலிருந்து விலகினால் சில வாரங்களில் அந்தப் பழக்கம் போய்விடுகிறது. மார்ச் மாதத்தில் திருச்சியிலோ மதுரையிலோ நாள்தோறும் ஓட்டிப் பழகியவர் காஷ்மீரில் ஒரு வாரம் குளிரில் இருந்தால் பெரிதாக எதையும் இழக்கமாட்டார். குளிரூட்டிய அறையிலிருந்து நேராக வண்டியேறி மலைக்குப் போய், அங்கிருந்து மூன்றே நாளில் ஜம்முவின் வெயிலில் இறங்குபவருக்குத்தான் சிக்கல்.

அடுத்து, கடற்கரைப் பாதைகள். ‘கரையோரம் போனால் வெயில் குறைவு’ என்பது பாதி உண்மைதான். நாக்பூரில் 43 டிகிரி வெப்பமும் 15 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள ஒரு பகலையும், விசாகப்பட்டினத்தில் 35 டிகிரி வெப்பமும் 70 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள ஒரு பகலையும் எடுத்துக்கொள்வோம். ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவு, அதாவது ஈரக்குமிழ் வெப்பநிலை, நாக்பூரில் ஏறக்குறைய 23. விசாகப்பட்டினத்தில் ஏறக்குறைய 30. வியர்வை ஆவியாகி உடலைக் குளிர்விக்கும் வாய்ப்பு இந்த அளவு கூடக்கூடக் குறைகிறது. வறண்ட வெயிலில் சட்டையை நனைத்துக்கொண்டு ஓட்டினால் நிவாரணம் உடனே தெரியும். தண்ணீர் தீர்ந்தாலோ ஆபத்து விரைந்து வரும். கரையோரத்தில் தண்ணீருக்குப் பஞ்சமில்லை, ஆனால் எவ்வளவு நனைத்தாலும் உடல் ஆறுவதில்லை. ஆகவே அங்கே ஓட்டும் மணிநேரத்தைக் குறைத்தே தீர வேண்டும்.

எனக்கு இந்த இரண்டில் கரையோரத்து இடர் ஏற்றதாகத் தெரிகிறது. உள்நாட்டு வெயிலைச் சமாளிப்பது சுமந்து செல்லும் தண்ணீரையும் சரியான கணிப்பையும் பொறுத்தது; கரையோர வெயிலைச் சமாளிப்பது இறங்கி உட்காரும் மனத்தை மட்டுமே பொறுத்தது. தனியாகச் செல்பவர் தம் கணிப்பை நம்பவேண்டிய தருணங்கள் எவ்வளவு குறைகின்றனவோ அவ்வளவு நல்லது.

மேற்குக் கரையில் தேசிய நெடுஞ்சாலை 66 மும்பையை அடுத்த பன்வேலிலிருந்து கோவா, கார்வார், உடுப்பி, மங்களூரு, கோழிக்கோடு, ஆலப்புழை வழியாகக் கன்னியாகுமரி வரை ஏறக்குறைய 1,600 கிலோமீட்டர் நீள்கிறது. ஊருக்கு ஊர் ஒட்டியிருக்கும் கேரளத்தைப் போலத் தனிப்பயணிக்குப் பாதுகாப்பான சாலை நாட்டில் குறைவு. சாலை விரிவாக்கப் பணியும் போக்குவரத்து நெரிசலும் அதற்குக் கொடுக்கும் விலை. இந்தப் பாதையை வடக்கிலிருந்து தெற்காக ஓட்டுவதே பொருத்தம், ஏனெனில் ஏப்ரல், மே மாதங்களில் பிற்பகலில் கடலிலிருந்து எழும் காற்று பெரும்பாலும் வடமேற்கிலிருந்து வருகிறது. மும்பையில் பாவ்சா தக்கா படகுத்துறையிலிருந்து மாண்ட்வாவுக்கு வாகனங்களை ஏற்றிச்செல்லும் படகு ஓடுவதால், பன்வேல் நெரிசலைத் தவிர்த்து நேராகக் கொங்கணக் கரையில் இறங்கிவிடலாம். அங்கிருந்து ரத்னகிரி வரை கழிமுகங்களைச் சிறு படகுகளில் கடந்து செல்லும் கரைச்சாலை, நெடுஞ்சாலையைவிட மிக அமைதியானது. ஆனால் ஏற்றமும் இறக்கமும் ஓயாது; அந்த ஈரப்பதத்தில் ஒவ்வொரு சிறு ஏற்றமும் மலையாகத் தோன்றும். மரவந்தேயில் ஒரு புறம் கடலும் மறுபுறம் சௌபர்ணிகா ஆறுமாகச் சாலை செல்லும் இடத்துக்காகவே இந்தப் பாதையைத் தேர்ந்தெடுப்போர் உண்டு, அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கும் சராசரி நாள் ஜூன் 1. அதற்குமுன் கரையைக் கடந்துவிட வேண்டுமானால் மே முதல் வாரத்துக்குள் மும்பையிலிருந்து புறப்பட்டிருக்க வேண்டும். சில ஆண்டுகளில் மழை முந்திவிடும். 2025இல் மே 24 அன்றே கேரளத்தைத் தொட்டுவிட்டது. மழையில் ஓட்டுவது வெயிலில் ஓட்டுவதைவிட உடலுக்கு எளிது, ஆனால் மழைமறைப்பில் லாரிகள் நம்மைக் காணாமல் போவது வேறு கவலை.

கிழக்குக் கரையைப் பற்றிப் பேசுவோர் குறைவு. கன்னியாகுமரியிலிருந்து தூத்துக்குடி, ராமநாதபுரம், நாகப்பட்டினம், புதுச்சேரி வழியாகச் சென்னை, அங்கிருந்து தேசிய நெடுஞ்சாலை 16இல் நெல்லூர், விஜயவாடா, ராஜமகேந்திரவரம், விசாகப்பட்டினம், புவனேஸ்வர், பாலேஸ்வர், கொல்கத்தா என்று ஏறக்குறைய 2,400 முதல் 2,500 கிலோமீட்டர். காஷ்மீர் என்ற பெயரின் கவர்ச்சி இதற்கு இல்லை. ஆனால் கோடைக்குத் தேவையான இரண்டு நன்மைகள் இந்தப் பாதையில் மட்டுமே சேர்ந்து அமைகின்றன.

முதலாவது காற்று. கோடையில் தமிழகக் கரையில் தென்கிழக்கிலிருந்தும், ஆந்திர, ஒடிசாக் கரைகளில் தென்மேற்கிலிருந்தும் காற்று வீசுவதால், வடகிழக்கு நோக்கிச் செல்பவருக்குப் பெரும்பாலான தூரம் அது துணைக்காற்றாகவே இருக்கும். இரண்டாவது, விடியல். நாடு முழுவதற்கும் ஒரே நேரம் என்பதால் கிழக்கே போகப்போகச் சூரியன் கடிகாரத்தில் முன்னதாக எழுகிறது. மே மாதத்தில் கன்னியாகுமரியில் ஆறு மணியை ஒட்டி விடிந்தால், புவனேஸ்வரில் ஐந்து மணியை ஒட்டியும், கொல்கத்தாவில் அதற்கும் முன்பாகவும் விடிந்துவிடும். நான்கரை மணி வெளிச்சத்தில் சாலையில் இறங்கினால், ஒன்பது மணிக்குள் எழுபது கிலோமீட்டரை முடித்துவிட்டு நாள் முழுவதும் ஓய்வெடுக்கலாம். இருட்டில் ஓட்டி வெயிலைத் தவிர்க்கலாம் என்ற யோசனையைப் பலர் முன்வைக்கிறார்கள். விளக்கில்லாத டிராக்டரும், எதிர்த்திசையில் வரும் இருசக்கர வாகனமும், உறக்கம் கலையாத லாரி ஓட்டுநரும் உள்ள நம் நெடுஞ்சாலைகளில் தனியாக அதைச் செய்ய நான் பரிந்துரைக்கமாட்டேன். கிழக்குக் கரையில் அதற்கான தேவையே எழுவதில்லை.

குறைகளும் உண்டு. ராமநாதபுரத்தில் சீமைக்கருவேலம் தவிர நிழல் அரிது. சூளூர்ப்பேட்டையிலிருந்து நெல்லூர் வரை அகன்ற சாலையில் தார் கொதிக்கும். கடற்காற்று எழாமல் நிலக்காற்று ஓங்கும் நாட்களில் விஜயவாடா சுற்றுவட்டாரம் நாக்பூருக்குச் சளைத்ததன்று. அந்நாட்களில் லாட்ஜ் அறையை விட்டு வெளியேறாமலிருப்பதே அறிவு. கோதாவரியைத் தாண்டிய பிறகு நிலம் பசுமையாகி, அன்னவரத்தில் கோயில் விடுதிகளும், பலாசாவில் முந்திரித் தோப்புகளும், ரம்பாவுக்கும் பாலுகாவுக்கும் இடையே சில்கா ஏரியின் காற்றும் கிடைக்கின்றன.

வங்கக் கடலில் மே மாதம் புயல் மாதமும்கூட. ஃபானி 2019 மே 3 அன்று புரிக்கு அருகிலும், ஆம்பன் 2020 மே 20 அன்று மேற்கு வங்கக் கரையிலும், யாஸ் 2021 மே 26 அன்று பாலேஸ்வருக்கு அருகிலும் கரையைக் கடந்தன. ஆனால் புயல் பல நாள் முன்னதாகவே அறிவித்துவிட்டு வருகிறது. வெப்பவாதம் அப்படி வருவதில்லை. ஒடிசாவிலும் வங்கத்திலும் மாலையில் திடீரென எழும் இடிமழையும் பெரிய கவலையன்று: நண்பகலுக்குமுன் கூரைக்குக் கீழ் போய்விட்டவருக்கு அது வேடிக்கை பார்க்கும் பொருள்.

மணாலியிலிருந்து லே வழியாக ஸ்ரீநகருக்குச் செல்லும் பாதையையும் கோடைக்கு மாற்றாகச் சொல்வோர் இருக்கிறார்கள். தங்லாங் லா கணவாய் 5,300 மீட்டரைத் தாண்டும். மணாலி–லே சாலை பனி அகற்றித் திறக்கப்படுவதே பெரும்பாலும் மே, ஜூன் மாதங்களில்தான். ஏப்ரல் விடுமுறைக்குப் பொருந்தாது. உயரத்தால் வரும் நோயும் முற்றினால் வெப்பவாதத்தைப் போலவே நிதானத்தைக் குலைப்பது. தனியாகச் செல்பவருக்கு வெயிலிலிருந்து தப்பிக்கும் வழியாக அதைக் காட்டுவது முறையன்று.

பாதை எதுவானாலும் கருவிகளில் பெரிய வேறுபாடு இல்லை. எஃகுச் சட்டமும், 35 மில்லிமீட்டருக்குக் குறையாத டயரும், கார் டயரில் உள்ளது போன்ற தடித்த வால்வும் இருந்தால் எந்தப் பெட்ரோல் பங்கிலும் காற்று நிரப்பிக்கொள்ளலாம். மெல்லிய வால்வு கொண்ட டியூபைச் சிற்றூர்ப் பஞ்சர் கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். கூடாரத்தைச் சுமப்பது வீண், இரவிலும் முப்பது டிகிரி இருக்கும்போது அதற்குள் உறக்கம் வராது. அந்த எடைக்குத் தண்ணீரைச் சுமக்கலாம்: கரையோரத்தில் மூன்று லிட்டர் போதும், நெடுஞ்சாலை 44இன் நடுப்பகுதியில் ஆறுக்குக் குறையக் கூடாது. வெறும் தண்ணீரையே மணிக்கணக்காகக் குடித்துக்கொண்டிருந்தால் இரத்தத்தில் உப்பு குறைந்துவிடும் என்பதால் ஓ.ஆர்.எஸ். பொட்டலங்களோ உப்பிட்ட மோரோ கட்டாயம்.

என் தேர்வைச் சொல்கிறேன். கோடையில் தனியாக முதன்முறை நெடுந்தூரம் செல்பவர் கிழக்குக் கரையில், கன்னியாகுமரியிலிருந்து கொல்கத்தா நோக்கி, ஏப்ரல் நடுவில் புறப்படலாம். உள்நாட்டு வெயிலில் முன்பே சில வாரம் ஓட்டிப் பழகியவர், அரசியல் நிலையும் சாலை நிலையும் இடம் கொடுத்தால், ஸ்ரீநகரிலிருந்து தெற்கு நோக்கி வரலாம். மூன்று, நான்கு வாரமே கிடைப்பவருக்கு மும்பையிலிருந்து கன்னியாகுமரி. கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர் என்ற திசையை விடமுடியாதவர் எப்படியாவது மார்ச் முதல் வாரத்தில் புறப்படும் வகையில் விடுப்பை மாற்றிக்கொள்ள வேண்டும். அப்போது நாக்பூரை ஏப்ரல் தொடக்கத்திலும் டெல்லியை அம்மாதம் முடிவதற்கு முன்பும் கடந்துவிடலாம். ஏப்ரல் நடுவில் அத்திசையில் தனியாகப் புறப்படுவதை நான் எவருக்கும் பரிந்துரைக்கவில்லை.

கிழக்குக் கரையைத் தேர்ந்தெடுப்பவர் விசாகப்பட்டினத்தில் இரண்டு நாள் தங்கும்படி திட்டமிடுவது நல்லது. மே முதல் வாரத்தில் அங்கே சேர்ந்ததும் இந்திய வானிலைத் துறையின் வெப்ப அலை எச்சரிக்கையையும் வங்கக் கடல் நிலவரத்தையும் பார்த்து, ஒடிசாவுக்குள் நுழைவதா வேண்டாமா என்று முடிவு செய்யலாம். காற்றழுத்தத் தாழ்வு உருவாகியிருந்தால் சைக்கிளை அங்கேயே பார்சலில் போட்டுவிட்டு ரயிலேறிவிட வேண்டும். சென்னை அங்கிருந்து ஓர் இரவுப் பயணம்தான்.